கழுத்தில் மாட்டிய ராகிப் பை

பெரிய லென்ஸ் ஒன்று வாங்கப்போகிறேன் என்று உரக்கடை அண்ணனிடம் சொன்னபோது எந்தக் கம்பெனி என்று கேட்கவில்லை. விலையும் கேட்கவில்லை. "கேமராவும் சேத்து எவ்ளோ எடை வரும் டீச்சர்?" என்றுதான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மாதக்கணக்காக அந்த லென்ஸைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே எத்தனை கண்ணாடி, மங்கிய வெளிச்சத்தில் எப்படி இழுக்கும், மழையில் நனையலாமா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். எடையைப் பார்க்க மட்டும் தோன்றவே இல்லை. அவரே போனில் தேடிப் பார்த்தார். பிறகு எழுந்து கடையின் பின்பக்கம் போய் ஒரு துணிப்பையில் ராகியை அள்ளிவந்து எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். கொஞ்சம் கொட்டினார், கொஞ்சம் கிள்ளி எடுத்தார். இரண்டே முக்கால் கிலோவில் எண் நின்றதும் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். கடையும் வீடும் ஒரே சுவர். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, வந்து பையை வாங்கிக்கொண்டு போனார், தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, வாய் தைத்து ஒரு பட்டை வைத்த பையோடு திரும்பி வந்தார். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அவருக்கு இது பழக்கம்போல.

"இத ஒரு வாரம் கழுத்துல மாட்டிக்கினு இருங்க. ஸ்கூலுக்கும் மாட்டிக்கினே போங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து கை என்ன சொல்லுது, கழுத்து என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க. வாங்கலாமா வேணாமான்னு அப்பறம் பேசிக்கலாம்."

இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கும் வீம்பு உண்டு. மறுநாள் காரிமங்கலத்தில் நான் வேதியியல் எடுக்கும் பள்ளிக்கு அதை மாட்டிக்கொண்டே போனேன். "என்னங்க டீச்சர், தீர்த்தமலைக்கு வேண்டுதலா?" என்றார் தலைமையாசிரியர். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போடலாமா என்று யோசித்தார். பிள்ளைகள் அது மந்திரித்த பை என்று முடிவு கட்டிவிட்டார்கள். "சமைக்கறப்பயாவது கழட்டி வையேன்" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். வாரத்தின் நடுவிலேயே போர்டில் எழுதக் கை மேலே போகவில்லை. சந்தையன்று தக்காளி பொறுக்கக் குனிந்தவள் அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்த லென்ஸின் படத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் அதற்காக ஏங்கியது நான்தானா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டதை அவர் பார்த்துவிட்டு, "சொல்லிடுச்சா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையாலேயே அவரை அடித்திருப்பேன். அதில் பாதி எடைகூட இல்லாத ஒரு லென்ஸை அவர்தான் பார்த்துச் சொன்னார். இன்றைக்கும் அதில்தான் படம் எடுக்கிறேன், கழுத்தும் நானும் சண்டையில்லாமல் இருக்கிறோம். அதை அவரிடம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட்டுக்குப் போகும் சாலையில் உரக்கடை வைத்திருந்தார். விதை, உரம், பூச்சிமருந்து, மருந்தடிக்கும் மெஷின். அந்தக் கடைதான் எங்களுக்குச் சங்கம் மாதிரி. நாங்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரி, குன்று என்று கிளம்பும் ஐந்து பேர். அவர், நான், தர்மபுரியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர், மின்வாரியத்தில் வேலை செய்யும் ஒருவர். யாருக்கும் இது பிழைப்பில்லை. வெறும் ஆசை. ஆசை என்பதால்தான் எதை வாங்குவது என்பதில் இத்தனை அடிதடி. படம் எடுக்கும் நேரத்தைவிட எதில் எடுப்பது என்று பேசும் நேரம் எங்களுக்கு எப்போதுமே அதிகம்.

எடையை மாட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கேமராவால் வந்ததில்லை, மருந்தடிக்கும் மெஷினால் வந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு வயலில் நடக்கும் டேங்க் அது. மற்ற கடைகளில் அதை அட்டைப்பெட்டியோடு கொடுத்து அனுப்புவார்கள். இவர் பெட்டியைப் பிரித்து, டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, வாங்க வந்தவரின் முதுகில் மாட்டி, "பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அந்தச் சாலையில் யாராவது நீல டேங்க் முதுகில் ஆட, ஒழுகிக்கொண்டே நடந்து போனால், அவர் கடையில் வியாபாரம் நடக்கிறது என்று பொருள். திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான். "தோளு என்ன சொல்லுது?" தோள் முணுமுணுத்தால் சின்ன டேங்க். வாங்க வந்தவர் கௌரவம் பார்த்துப் பெரியதே வேண்டும் என்று நின்றால், "நீங்க வேணும்னு சொல்றீங்க. தோளு வேணாங்குது. நான் தோளுக்குத்தான் விப்பேன்" என்பார். அப்படிக் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. அவர் வருத்தப்பட்டதில்லை. அக்கா வருத்தப்பட்டிருக்கிறார்.

போகிற இடத்திலெல்லாம் கை சும்மா இருக்காது. கல்யாண வீடுகளுக்கு அவரோடு போவது எனக்குப் பெரிய கூச்சம். மொய் எழுதுவதற்கு முன் வீடியோக்காரரிடம் போய், "ஒரு நிமிசம் குடுங்க" என்று கேமராவை வாங்கிக் கையில் ஏந்திப் பார்ப்பார். அந்தப் பக்கம் தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள். "ராவெல்லாம் இதத் தூக்கிக்கினு நிக்கறீங்களா? இடது தோளு வலிக்குமே" என்று விசாரிப்பார். வலிக்குதுங்க என்று அந்த மனிதர் சொல்ல, இருவரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோள் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

அவர் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. பல் டாக்டர் விஷயத்தில் நன்றாகவே சறுக்கினார். டாக்டர் ஒல்லியான மனிதர், நாள் முழுக்கக் குனிந்தே நிற்பதால் முதுகு வேறு தகராறு. ராகிப் பையை மாட்டிய இரண்டாம் நாளே கழற்றி வைத்துவிட்டார். கழற்றி வைத்தவர் பெரிய லென்ஸையே வாங்கினார், கூடவே ஒரு முக்காலியையும் வாங்கினார். அதில் நிறுத்திவைத்து அவர் எடுத்த மீன்கொத்திப் படத்தைப் பார்த்தால் இறகில் ஒட்டிய நீர்த்துளியைத் தொட்டுவிடலாம்போல இருக்கும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் மாறி மாறிப் பாராட்டினோம். இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "முக்காலி எடுத்த படம். டாக்டர் பக்கத்துல நின்னாரு" என்று என்னிடம் சொன்னார். "கையி புடிக்காத கேமரா என்ன கேமரா?" ஒரு மாதம் டாக்டரோடு சரியாகப் பேசவில்லை. சின்னப்பிள்ளைத்தனம்தான். பிறகு பல்வலி வந்தது, சமாதானமாகிவிட்டார்.

கை சொல்வதை எடை விஷயத்தில் மட்டும்தான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். ஒரு விடியற்காலை நாங்கள் எல்லோரும் தக்காளி மார்க்கெட்டைப் படம் எடுக்கப் போனோம். நல்ல வெளிச்சம், சிவப்புச் சிவப்பாகக் கூடைகள், டிராக்டர்கள். அன்றைக்கு விலை படுத்துவிட்டது. கொண்டுவந்த வண்டி வாடகைகூடத் தேறாது என்று தெரிந்ததும் ஒருவர் கூடை கூடையாக ரோட்டோரம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பேரும் சுற்றி நின்று எடுத்தோம். படம் என்று பார்த்தால் அது நல்ல படம். இவரும் கேமராவை மார்பு வரை தூக்கினார், அதற்கு மேல் தூக்கவில்லை. கவிழ்த்துக்கொண்டிருந்தவர் அவர் கடையில் மெஷின் வாங்கி, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் வந்த மனிதர். ஏன் எடுக்கவில்லை என்று வழியில் கேட்டேன்.

"கை தூக்கல டீச்சர். நான் என்ன பண்ணட்டும்" என்றார்.

அந்தக் காலையில் நான் எடுத்த படங்களை வீட்டுக்குப் போய் அழித்துவிட்டேன். அவர் அப்படிச் செய்யும்படி சொல்லவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் ஆசையைக் குறைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரே ஒரு பெரிய ஆசை இருந்தது. மஞ்சள்தொண்டைச் சின்னான். நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் மட்டும் இருக்கும் பறவை. கூச்சக்காரன். தீர்த்தமலையில் படிக்கட்டைவிட்டு விலகிக் கொஞ்சம் போனால் ஒரு பாறைச் சரிவு வரும், அங்கே காலையில் வந்து உட்காரும். ஒருமுறை திரும்பிப் பார்க்கும், போய்விடும். கிட்டே போக முடியாது, கையில் இருக்கிற லென்ஸுக்கு எட்டாது. வருஷக்கணக்காக அவரிடம் இருந்ததெல்லாம் பாறைமேல் ஒரு மஞ்சள் புள்ளிதான்.

அதற்காகவே பெரிய லென்ஸ் வாங்க முடிவு செய்தார். எங்களை விட்ட மாதிரி ஒரு வாரத்தில் தன்னை விட்டுவிடவில்லை. ஒரு கோடைக்காலம் முழுக்க ராகிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். மூட்டை இறக்கும்போதும் அது தொங்கிக்கொண்டிருக்கும். தீர்த்தமலைக்கு அதை மாட்டிக்கொண்டே பல தடவை ஏறி இறங்கினார். கடைசியில் கை சரி என்று சொல்லிவிட்டது. லென்ஸ் பெங்களூரிலிருந்து வந்த அன்று கடைக்குப் பூஜை போட்டார். அக்கா வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார்.

"நமக்குப் பொண்ணு ஒண்ணுதான்னு நெனச்சேன். இப்ப இது ஒண்ணு" என்றார்.

அந்த லென்ஸில் அவர் எடுத்த முதல் படம் கலங்கியிருந்தது. இரண்டாவதும் கலங்கியிருந்தது.

எங்களைப்போன்ற ஆட்களுக்குப் படம் கலங்கினால் முதலில் தோன்றுவது கருவியில் கோளாறு என்பதுதான். வேறெதுவும் தோன்றாது. கண்ணாடிமேல் போட்டிருக்கும் ஃபில்டரால்தான் என்று மின்வாரியக்காரர் சொன்னார். கழற்றிப் பார்த்தார்கள். வெயிலேறிய பாறையில் கானல் அலைகிறது, அதனால்தான் என்று நான் சொன்னேன். வெயில் ஏறும் முன்பே போய் எடுத்தார். கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று தாலுகா ஆபீஸ்காரர் சொல்ல, என் கேமராவை வாங்கிப் பொருத்திப் பார்த்தார். குழுவில் ராத்திரி பகலாக வைத்தியம் நடந்தது. ஃபோகஸ் முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று பார்க்கக் குடோன் சுவரில் உரக் கம்பெனிக் காலண்டரை ஒட்டி, எதிரே நின்று எடுத்து எடுத்துப் பார்த்தார். கடைசியில் பார்சல் கட்டி சர்வீசுக்கு அனுப்பினார். பழுது ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. "அவனுங்க பொட்டியவே பிரிக்கல" என்று மறுபடியும் அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் டீக்கடையில் பல் டாக்டர் என் காதருகே குனிந்தார்.

"டீச்சர், லென்ஸ்ல ஒண்ணும் இல்ல. அவரு டீ குடிக்கறதப் பாத்தீங்களா?"

பார்த்தேன். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அரை டம்ளர்தான் வாங்கியிருந்தார். அதுவும் விளிம்பில் அலையடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் விவரமாகச் சொன்னார். நரம்பு சம்பந்தப்பட்டது, மருந்து இருக்கிறது, குறையும், முழுசாகப் போகாது. இதை அவரிடம் யார் சொல்வது? சாதாரண மனிதர் என்றால் சொல்லிவிடலாம். இவர் வாழ்க்கை முழுக்கக் கை சொல்வதைக் கேட்டு நடந்தவர். கை முடியாது என்று சொல்லிவிட்டால் கேமராவை அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார். அந்தப் பறவை போய்விடும், ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். எங்களுக்குப் பயம் வியாதியைப் பற்றிக்கூட இல்லை. அவருடைய நியாயத்தைப் பற்றித்தான்.

நாங்கள் சொல்லும் அவசியமே வரவில்லை. இரண்டாவது தடவை சர்வீஸிலிருந்து லென்ஸ் திரும்பிய அன்று நான் என் மாடித் தொட்டிகளுக்கு விதை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர், ஒரு வேல" என்று குடோனுக்கு அழைத்துப் போனார். காலண்டருக்கு எதிரே நின்று அவர் ஒரு படம் எடுத்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீங்க ஒண்ணு எடுங்க" என்றார். எனக்கு அது பாரம்தான், ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தார். என்னுடையதில் காலண்டரின் பொடி எழுத்து, ராகுகாலம் உட்படப் படிக்க வந்தது. அவருடையதில் கிழமைகூடத் தெரியவில்லை.

நேராகக் கடைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். எலக்ட்ரானிக் தராசைத் துடைத்துவிட்டு, "உங்க கைய சும்மா வைங்க" என்றார். வைத்தேன். எண்கள் கொஞ்சம் மேலே கீழே போய் ஏறக்குறைய ஓரிடத்தில் தங்கின. நான் கையை எடுத்ததும் அவர் தன் வலது கையை வைத்தார்.

எண் நிற்கவே இல்லை. சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கள் ஐந்து பேரின் ஆசைகளையும் எடைபோட்ட தராசு அது, அவர் கையை அதனால் எடைபோட முடியவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கரண்டு ஏற எறக்கமா இருக்கும்ண்ணா" என்றேன்.

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்ற பேச்சா இது?" என்று கையை எடுத்துக்கொண்டார். "சொல்லிடுச்சுங்க. அது ரொம்ப நாளா சொல்லிக்கினு இருக்குது. நான்தான் லென்ஸ் மேல பழி போட்டுக்கினு இருந்தேன்."

அன்று மாலையே குழுவில் அறிவிப்பு வந்தது. புதிய லென்ஸ், பழுது இல்லை, விற்பனைக்கு. தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கவும்.

முக்காலி வைத்துக்கொள்ளலாமே என்று டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். "அது உங்குளுது. எனக்கு ஆவாது" என்றுவிட்டார். வீம்பு மட்டும் இல்லை, காரணமும் இருந்தது. அந்தச் சரிவில் முக்காலிக்கு மூன்று கால் ஊன்ற இடமில்லை. நிமிர்ந்து நிற்கும் எதைப் பார்த்தாலும் அந்தப் பறவை வராது. பாறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. டாக்டர் சொன்னபடி மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கிவந்து ஒழுங்காகச் சாப்பிட்டார். கடையில் உட்கார்ந்தார். டேங்கில் தண்ணீர் ஊற்றி விவசாயிகளை நடக்கவிட்டார். எல்லாம் முன்புபோலத்தான். ஆனால் தோள் என்ன சொல்லுது என்று கேட்கும்போது குரலில் அந்தக் குறும்பு இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அக்கா வந்து நின்றார். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் வாசலுக்கு ஓடினேன்.

"பயந்துக்காதீங்க டீச்சர், அவரு நல்லாத்தான் இருக்காரு. என்னாலதான் முடியல" என்றார். "ஞாயித்துக்கெழம வூட்டுலயே ஒக்காந்துக்கினு இருக்காரு. அந்த மனுசன் விடியக்காலையில எழுந்து பேட்டரி எங்க, தொப்பி எங்கன்னு உருட்டுவாரு இல்ல, அந்த சத்தம் இல்லாம எனக்கு தூக்கமே வரல. அவுருக்கு அந்தக் குருவிய எடுக்கணும். எடுக்காம வுட்டா மனசு வுட்டுப்போயிரும்."

"கை ஆடுதேக்கா. முக்காலியும் வேணாங்கறாரு" என்றேன்.

"நான் தைச்ச பைங்கல்லாம் எங்க?" என்று கேட்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பாறைமேல் ஒரு ராகிப் பையைப் போட்டு அதன்மேல் லென்ஸை அழுத்தி வைத்தால் ஆடாது. காட்டில் படம் எடுப்பவர்கள் பலர் செய்வதுதான், எங்களுக்கும் தெரியும். ஆனால் அத்தனை பெரிய லென்ஸுக்கும் அத்தனை ஆடும் கைக்கும் ஒரு பை போதாது. அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் எடைய மாட்டி வுட்டாரு இல்ல? இப்ப ஊரு தூக்கட்டும்" என்றார்.

பைகளைத் தேடியதே ஒரு கூத்து. என்னுடையது பழைய பேப்பர் கட்டின்மேல் பாரமாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் தன்னுடையதைக் கிளினிக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைத்திருந்தார், அதில் கிராம்பு எண்ணெய் வாசம் ஏறியிருந்தது. மின்வாரியக்காரருடையது பரணில் பத்திரமாக இருந்தது. தாலுகா ஆபீஸ்காரர் மட்டும் விழித்தார். அவர் வீட்டில் எப்போதோ பையைப் பிரித்துக் களி கிண்டிச் சாப்பிட்டுவிட்டார்கள். புது ராகி வாங்கிப்போட்டுத் தைத்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது பை அக்காவிடமே இருந்தது. கோடை முழுக்க அவர் கழுத்தில் தொங்கிய பை.

அவரை மலைக்கு வரவழைக்க அக்கா ஒரு பொய் சொன்னார். லென்ஸை வாங்கும் ஆள் தீர்த்தமலைக்கு வருகிறார், அங்கேயே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாராம் என்று. தூக்கிப் பார்த்து வாங்கும் ஆள் என்றதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. டாக்டர் காரில் எல்லோரும் போனோம். அக்கா அதுவரை ஒருநாளும் எங்களோடு வந்ததில்லை. விடியும்போது படியேறினோம். லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். பைகளைத் துணிக்கட்டைப்பைகளுக்குள் மறைத்துக்கொண்டு, குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு நாங்கள் பின்னால் ஏறினோம். ஒரு குரங்கு தாலுகா ஆபீஸ்காரரின் பையைப் பாதி இழுத்துவிட்டது.

பாறைச் சரிவுக்கு வந்ததும் அவர் சுற்றிலும் பார்த்தார். "வாங்கற ஆளு எங்க?"

"நீங்கதான்" என்றார் அக்கா. "கைய கேட்டுட்டு வாங்குங்க."

நாங்கள் ஒவ்வொருவராகப் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தோம். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவாரோ என்று எனக்குப் படபடப்பாக இருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது.

"இது டாக்டருது. ரெண்டே நாளுல கழட்டிப்போட்டாரு. இது டீச்சருது, கோவமா இருக்குது பாருங்க." தாலுகா ஆபீஸ்காரருடைய பையைத் தூக்கியதும் நிறுத்தினார். மறுபடி ஏந்திப் பார்த்தார். "இது நான் குடுத்தது இல்லயே. நூறு கிராம் கொறையுது."

களி கதையைச் சொல்லித் தாலுகா ஆபீஸ்காரர் அசடு வழிந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பறவை அன்றைக்கு வரவே வராது என்று நினைத்தேன். ஆனால் எனக்குச் சிரிப்பைவிட அதிகமாக வேறொன்று மனதில் நின்றது. அந்தக் கைக்கு ஆட்டம் வந்திருந்ததே தவிர, எடை மறந்துபோகவில்லை. அவரும் அதைக் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவரே பைகளை அடுக்கினார். மூன்று அடியில், இரண்டு மேலே, நடுவில் ஒரு பள்ளம். லென்ஸை அதில் இறக்கியதும் ராகி விலகி இடம்கொடுத்து இறுக்கிக்கொண்டது. இடது கையை மேலே பாரமாக வைத்தார், வலது கையின் ஒரு விரல் மட்டும் பொத்தானில். நாங்கள் பின்னால் தள்ளிப்போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்தோம். அக்கா மட்டும் நகரவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கீழே கோவிலில் மணி அடித்தது. வெயில் பாறையில் பாதி இறங்கியது. பறவை வந்தது. உட்கார்ந்தது. எப்போதும்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கேமரா சத்தம் மழைபோலக் கேட்டது. பறவை போய்விட்டது.

அவர் உடனே எழவில்லை. திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் காட்டினார். அதன்பிறகுதான் நாங்கள். தொண்டையின் மஞ்சள், ஒவ்வொரு இறகாக. கண்ணுக்குள் வானம் தெரிந்தது. டாக்டர் அவர் முதுகைத் தட்டினார். மின்வாரியக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் கல்மனசுக்காரர் என்று பெயர். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"கை என்ன சொல்லுதுண்ணா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அட, கேக்க மறந்துட்டேன் டீச்சர்" என்றார்.

அதன்பிறகு லென்ஸ் விற்பனைக்கு என்ற பேச்சு எழவில்லை. நாலைந்து வருஷம் அப்படியே ஓடியது. பிறகு கடையைக் கொடுத்துவிட்டு மைசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போனில் பேசுவது அவருக்கு எப்போதுமே பிடிக்காது, அதனால் தொடர்பு மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று. எப்போதாவது குழுவில் அவரிடமிருந்து ஒரு படம் மட்டும் வரும். தெளிவாகவே இருக்கும்.

அந்தக் காலை மலையிலிருந்து இறங்கும்போது பைகளை அவரவர் எடுத்துக்கொண்டோம். கட்டைப்பையில் போடாமல் என்னுடையதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதே இரண்டே முக்கால் கிலோ. வழி நெடுகக் கழுத்து என்னவோ சொல்லிக்கொண்டேதான் வந்தது. நான் காதில் வாங்கவில்லை.